விண்டோஸ் 10-ஐ விடுவதா, வைத்துக்கொள்வதா: அல்சூர் வீட்டுக் கணினியோடு இரண்டு வாரம்

2025 அக்டோபர் 1, ஆயுத பூஜை. மகள் வீட்டுக் கணினிப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற அப்பா, "இதுக்கு இதுதான் கடைசிப் பொட்டு. அடுத்த வருஷம் புதுசுக்குத்தான் வைக்கணும்" என்றார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்ற அறிவிப்பு ஒரு மாதமாகத் திரையில் வந்துகொண்டிருந்தது. கணினி மெதுவாக ஓடுவதற்கும், பேங்க் தளம் திறக்காததற்கும், மகளின் வீட்டுப்பாடம் நின்று நின்று போவதற்கும் அந்த ஒரு அறிவிப்பே காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். "சிஸ்டம் பழசாயிடுச்சு, 11-க்கு மாத்தணும், இல்லன்னா தூக்கிப் போடணும்."

நான் பெங்களூரில், பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். லேத் சத்தம் போடுகிறது என்று யாராவது வந்து சொன்னால் உடனே மோட்டாரைக் கழற்ற மாட்டோம். பேரிங்கா, பெல்ட்டா, தரையில் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரே சத்தத்துக்குள் மூன்று கோளாறு இருந்ததை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். வீட்டுக் கணினியையும் அப்படியே பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.

முதலில் கணினியைப் பற்றி. 2017 கடைசியில், கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடில் அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் ஐ5-7400 பிராசசர், எச்110 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், லைசென்ஸோடு விண்டோஸ் 10 ஹோம். எட்டு வருடத்தில் ஒரு தடவை எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி, மாற்றினோம். மற்றபடி அதன் மூடியைத் திறந்ததே இல்லை.

அதைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நோட்டை மேசையில் வைத்து, யார் எதற்கு உட்கார்ந்தாலும் ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருக்கச் சொன்னேன். நான்கு நாள் எழுதினார்கள். இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகம் உதவியது அந்த நோட்டுதான். மனைவி வீட்டிலிருந்தே நான்கு சிறிய கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கெடு. அதில் ஒரு வாடிக்கையாளருக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அதாவது பென் டிரைவ் மாதிரி செருகும் ஒரு சாதனம், இல்லாமல் வேலை நடக்காது. அப்பா பழைய தட்டச்சு முறையில் பாமினி எழுத்துருவில் குலதெய்வக் கோயில் கணக்கும் சொந்தக்காரர்களுக்கான அழைப்பிதழும் அடிக்கிறார். பேங்க் தளமும் பார்ப்பார். மகள் ஒன்பதாம் வகுப்பு. பைதான் படிக்கிறாள், வீடியோ பாடம் பார்க்கிறாள். நான் போட்டோக்களைச் சேர்த்து வைப்பதோடு சரி. விண்டோஸ் 11-இல் மட்டும்தான் நடக்கும் என்று சொல்லும்படி நோட்டில் ஒரு வேலைகூட இல்லை. விண்டோஸ் இருந்தால்தான் ஆகும் என்ற வேலை ஒன்றே ஒன்று இருந்தது, அந்த டோக்கன்.

அப்புறம் கோளாறுகளுக்கு வந்தேன்.

பேங்க் தளம் விஷயம்தான் எனக்கு முதலில் உறைத்தது. "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று காலையில் வருகிறது, சாயங்காலம் வருவதில்லை. விண்டோஸ் பழசாகிவிட்டது என்றால் சாயங்காலமும் பழசாகத்தானே இருக்க வேண்டும்? திரையின் வலது மூலையைப் பார்த்தேன். தேதி 2017 என்று காட்டியது. மகள் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் அதைத் திருத்திவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறாளாம். யாரிடமும் சொல்லவில்லை, அது அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறாள்.

மதர்போர்டில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். கணினிக்கு மின்சாரமே வராத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவதும், விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் அமைப்புகளைக் காப்பதும் அதன் வேலை. எங்கள் வீட்டில் ராத்திரி பிளக் பாயின்ட்டையே அணைத்துவிடும் பழக்கம் உண்டு. அதனால் தினமும் ராத்திரி எட்டு மணி நேரம் அந்தப் பேட்டரிதான் கடிகாரத்தைத் தாங்கியிருக்கிறது. எட்டு வருடத்தில் தீர்ந்துவிட்டது. தேதி பல வருடம் பின்னால் போனால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் கணக்குப் போட்டு எச்சரிக்கும். இன்டர்நெட் நேரத்தைப் பார்த்து விண்டோஸ் தன் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்றாலும், வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்தால் தானாகத் திருத்தாமல் விட்டுவிடும். பேட்டரி 40 ரூபாய். மாற்றிவிட்டு பயாஸில் தேதியைச் சரிசெய்தேன். மறுநாள் காலையில் அப்பா முதல் தடவையிலேயே பேங்க் பக்கத்தைத் திறந்தார்.

அடுத்தது வேகம். காலையில் கணினியைப் போட்டுவிட்டு காபி குடித்து முடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசர் 10 சதவீதம்கூட வேலை செய்யவில்லை, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். அது ஹார்ட் டிஸ்க் தனக்குள் எழுதி வைத்திருக்கும் உடல்நலக் குறிப்பைப் படித்துக் காட்டும். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. செக்டர் என்பது டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்ன இடம்; மாற்றி ஒதுக்கிய செக்டர்களும் இருந்தன, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களும் இருந்தன. இரண்டாவது எண்ணிக்கைதான் பயமுறுத்தியது. டிஸ்க் ஒரு இடத்தைப் படிக்க முயன்று, முடியாமல், திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பேரிங் போகிற மோட்டார் மாதிரி; ஓடும், ஆனால் என்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது.

அதன்மேல் விண்டோஸ் 11 போட்டிருந்தால்? பத்துப் பன்னிரண்டு ஜிபி எழுதி, நடுவில் ஒரு கெட்ட செக்டரில் மாட்டியிருந்தால்? இந்தப் பதிவை எழுதுவதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஆதரவு முடிகிறது என்ற அறிவிப்பைப் பார்த்ததும் பலரும் மேம்படுத்து என்ற பட்டனைத்தான் தேடுகிறார்கள். தயவுசெய்து அதற்கு முன்னால் டிஸ்க்கைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை அது.

அன்று ராத்திரியே வேறெதையும் தொடாமல் நகலெடுக்க ஆரம்பித்தேன். வீட்டில் ஒரு 1 டிபி வெளி டிஸ்க் இருந்தது. சாதாரணமாக இழுத்துப் போட்டு நகலெடுத்தால் கெட்ட இடம் வரும்போது மொத்தமும் நின்றுவிடுகிறது. விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற கருவியைப் பயன்படுத்தினேன். அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படிக்க முடியாத கோப்பு வந்தால் 30 வினாடி விட்டுவிட்டு 10 லட்சம் தடவை முயற்சி செய்யும்படிதான் அது முதலிலேயே அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தடவை முயற்சி, ஒரு வினாடி காத்திருப்பு என்று மாற்றிக் கொடுக்காவிட்டால் ஆயுசு முழுக்க ஓடும். மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் 180 ஜிபி போட்டோக்களும் அப்பாவின் கோப்புகளும் மனைவியின் கணக்குகளும் வந்துவிட்டன. இரண்டு வீடியோ வரவில்லை. இரண்டுமே 2019-இல் அம்மாவோடு மைசூர் போனபோது எடுத்தவை. ஒன்று அக்காவின் பழைய போனில் கிடைத்தது. இன்னொன்று போனது போனதுதான். ஒரு வருடம் முன்னால் இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும் என்று இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

கடிகாரம், டிஸ்க் இரண்டையும் கழித்துவிட்ட பிறகு மிச்சம் நின்றது அந்த அறிவிப்பு மட்டும். அது நிஜமான பிரச்சினைதான், அதையும் சொல்ல வேண்டும்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. பத்து வருடம் கழித்து இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கின்றன. அக்டோபர் 15 காலையில் கணினி நின்றுவிடாது, எல்லாம் முன்போலவே ஓடும். ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் திறந்தே கிடக்கும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள்கூட மாட்டின. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாதவர்களும், ஆதரவு முடிந்த பதிப்புகளை வைத்திருந்தவர்களும்தான் சிக்கினார்கள். எங்கள் கணினியில் நான்கு கடைக்காரர்களின் கணக்கும், கையெழுத்து டோக்கனும், அப்பாவின் பேங்க் கணக்கும் இருக்கின்றன. "நமக்கு என்ன வரப்போகுது" என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. விண்டோஸின் உள் வைரஸ் தடுப்பான் 2028 அக்டோபர் வரை புது வைரஸ் பட்டியல்களைப் பெறும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் காவலாளிக்குத் திருடர்களின் படம் வந்துகொண்டே இருந்தாலும் உடைந்த ஜன்னல் உடைந்ததுதான்.

சரி, 11 போகுமா? மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக்கை ஓட்டினேன். மூன்று இடத்தில் சிவப்பு: டிபிஎம் 2.0 இல்லை, செக்யூர் பூட் இல்லை, பிராசசர் பட்டியலில் இல்லை.

முதல் இரண்டையும் நம்பிவிட வேண்டாம். டிபிஎம் என்பது சாவிகளைப் பாதுகாக்கும் ஒரு பகுதி. அந்தக் காலத்து இன்டெல் போர்டுகள் பலவற்றில் அது பிடிடி என்ற பெயரில் பயாஸுக்குள் அணைந்து கிடக்கும். எங்கள் போர்டிலும் இருந்தது. ஆன் செய்துவிட்டு வந்து பார்த்தால் டிபிஎம் 2.0 தயார் என்று காட்டுகிறது. செக்யூர் பூட் என்பது தொடங்கும் மென்பொருள் நம்பகமானதா என்று பார்க்கும் சோதனை. அது வராததற்குக் காரணம் வேறு: வாங்கிய அன்றே விண்டோஸை லெகசி என்ற பழைய தொடக்க முறையில், எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் அமைப்பில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்கு மாறினால் அதுவும் சரியாகும். மூன்றாவதுக்குத்தான் மருந்து இல்லை. இன்டெல் கோர் வரிசையில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 பட்டியல் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்களைச் சேர்த்திருக்கிறார்கள், அதில் ஐ5-7400 இல்லை. நான்கு கோர், 3 கிகாஹெர்ட்ஸ், எங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனாலும் பட்டியல் பட்டியல்தான்.

அக்டோபர் 4, சனிக்கிழமை, எஸ்.பி. ரோடு போனேன். ஞாயிறு போனால் பாதிக் கடைகள் மூடியிருக்கும். அல்சூரிலிருந்து ஊதா லைனில் மெஜஸ்டிக், அங்கே பச்சை லைன் மாறிச் சிக்பேட்டையில் இறங்கி நடந்தேன். மூன்று கடைகளில் கேட்டேன், மூன்று பதில்கள்.

முதல் கடையில், "பழைய எட்டாம் தலைமுறை ஐ3 பிராசசர் இருக்கு அண்ணா, அதே 1151 சாக்கெட்தான், மாத்திக்கிட்டா 11 ஏறும்" என்றார்கள். இதைக் கேட்டு யாரும் காசு கொடுத்துவிடக் கூடாது. சாக்கெட் பெயர் ஒன்றுதான், 1151 முனைகளும் ஒன்றுதான். ஆனால் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் போர்டு வேண்டும். எச்110 போர்டில் உட்காரும், வேலை செய்யாது. இரண்டாவது கடையில் 1,200 ரூபாய்க்கு இதே கணினியில் 11 போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். மூன்றாவது கடையில் ஏதோ அலுவலகத்திலிருந்து கழித்துவிட்ட எட்டாம் தலைமுறைக் கணினி, 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) சேர்த்து 15,500 ரூபாய். அது நேர்மையான விலை என்றே தோன்றியது.

இரண்டாவது கடை சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டியலில் இல்லாத கணினியில் 11-ஐ ஏற்ற முடியும், அது ரகசியமும் இல்லை. ரூஃபஸ் என்ற மென்பொருளில் பென் டிரைவ் தயாரிக்கும்போதே டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்கிவிடலாம். நிறையப் பேர் அப்படி ஓட்டுகிறார்கள், மாதாந்திர அப்டேட்டும் வருகிறது. ஆனால் அப்படிப் போட்டால் அப்டேட் வருவதற்கு உரிமை கோர முடியாது என்று மைக்ரோசாஃப்ட் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. வருடா வருடம் வரும் பெரிய பதிப்பு தானாக ஏறாது, யாராவது உட்கார்ந்து கையால் ஏற்ற வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் சில பழைய பிராசசர்களை அடியோடு வெட்டிவிட்டார்கள். எங்களுடையது அதில் தப்பும், அடுத்ததில் என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. நான் தனியாளாக இருந்து, என் விளையாட்டுக்கு வைத்திருக்கும் கணினி என்றால் போட்டிருப்பேன். கெடு தேதிக்கு முந்தின ராத்திரி மனைவி உட்காரும் கணினியில் போட மாட்டேன்.

அப்போது மிச்சம் மூன்று வழிகள். 15,500 கொடுத்து வேறு கணினி. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். அல்லது மைக்ரோசாஃப்ட் வீட்டுக் கணினிகளுக்குக் கொடுக்கும் ஒரு வருடக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தம், இஎஸ்யூ, 2026 அக்டோபர் 13 வரை.

அந்தக் கடையிலேயே 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று 3,100 ரூபாய்க்கும், ஒரு சாட்டா கேபிள் 70 ரூபாய்க்கும் வாங்கிவிட்டேன். மூன்றில் எந்த வழியில் போனாலும் அந்த எஸ்எஸ்டி வீணாகாது. வேறு கணினிக்குப் போனாலும் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். எது முடிவானாலும் தேவைப்படுவதை முதலில் வாங்குவது என் வழக்கம்.

லினக்ஸைப் பேசித் தீர்க்க முடியாது, போட்டுத்தான் பார்க்க வேண்டும். மின்ட் 22.2 என்ற லினக்ஸ் பதிப்பை பென் டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போனது. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் செய்து பார்த்தோம். வீடியோ பாடம் ஓடியது. பைதான் ஏற்கெனவே உள்ளேயே இருந்தது, மகளுக்குக் குஷி. பிரின்டர் அச்சடித்தது. தமிழ்99 விசைப்பலகை மொழி அமைப்பிலேயே இருந்தது.

அப்பாவின் கோப்புகளில்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாமினி, யூனிகோடு என்ற இன்றைய பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய காலத்து எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டும். புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. அதனால் எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு அரைப்புள்ளியாக, பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலம். முதலில் திறந்தபோது அதுதான் வந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். பழைய டிஸ்க்கிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து மின்ட்டின் எழுத்துருக் கோப்புறையில் போட்டு, லிப்ரே ஆபீஸ் என்ற ஆவண மென்பொருளை மூடித் திறந்ததும் கோயில் கணக்கு அப்படியே தமிழில் வந்து நின்றது. அட்டவணை மட்டும் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. "அப்பா, வாங்க, வந்துடுச்சு" என்று கூப்பிட்டேன். வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "இருக்குடா" என்றார்.

மின்ட்டில் மாட்டியது டோக்கன். செருகினால் ஒரு சாதனம் இருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் கையெழுத்திடும் மென்பொருள் அதைப் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் முயன்றேன். மனைவி சொன்னதுதான் நியாயம்: "என்னங்க, 20-ஆம் தேதி இதை வச்சுக்கிட்டு நான் யார்கிட்ட போய் நிக்கிறது?"

அந்தக் கேள்வியோடு முடிவு வந்துவிட்டது. விண்டோஸ் 10 இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும், இஎஸ்யூவில் சேர்த்துவிடுவோம். அதே எஸ்எஸ்டியில் ஒரு ஓரமாக மின்ட்டும் இருக்கட்டும். மகளும் அப்பாவும் அதில் பழகட்டும். நிதியாண்டு மார்ச்சில் முடிந்ததும் மனைவியின் வேலைக்கு மட்டும் என்ன வாங்குவது என்று பார்ப்போம். இன்றைக்கு 15,500 ரூபாய் போட்டால் அந்தக் கணினிக்கும் இப்போதே ஏழு வயது. நன்றாக ஓடும் பிராசசர், போர்டு, ரேம் எல்லாவற்றையும் ஒரு பட்டியலுக்காகக் குப்பைக்கு அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

மாற்றும் வேலையை அக்டோபர் 12 ஞாயிறுக்கு வைத்தேன். 11-ஆம் தேதிக் கெடு முடிந்துவிடும், 20-க்கு ஒரு வாரம் இருக்கும். ஏதாவது சொதப்பினாலும் திரும்பி வர நேரம் உண்டு.

பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுப்பது எளிது என்பார்கள். நல்ல டிஸ்க்காக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். கெட்ட செக்டர் உள்ள டிஸ்க்கை நகலெடுத்தால் உடைந்த சிஸ்டம் கோப்புகளும் சேர்ந்தே வரும். அதனால் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-ஐப் புதிதாகவே போட்டேன். நிறுவுவதற்கு முன்னால் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் சில சமயம் தொடக்கக் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் எழுதிவிடும். பிறகு பழையதைக் கழற்றினால் புதியது தொடங்காது. இன்னொன்று, பென் டிரைவிலிருந்து தொடங்கும்போது பட்டியலில் அதன் பெயர் இரண்டு தடவை வரும். யுஇஎஃப்ஐ என்று முன்னால் எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் புதிய முறையில் ஏறும். எட்டு வருடம் முன்னால் கடையில் தவறவிட்டது அந்த இடத்தில்தான்.

சாவி கேட்டபோது இல்லை என்று கொடுத்துவிட்டு, முன்பிருந்த அதே ஹோம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். லைசென்ஸ் மதர்போர்டோடு பதிவாகியிருப்பதால் இன்டர்நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிட்டது. எஸ்எஸ்டியில் 120 ஜிபியை ஒதுக்கி மின்ட்டைப் போட்டேன். இது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பின் மேல் கட்டியது, 2029 வரை திருத்தம் வரும்.

நடுவில் கரண்ட் போனது, இன்வெர்ட்டர் தாங்கியது. யுபிஎஸ்ஸோ இன்வெர்ட்டரோ இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

சாயங்காலம் ஒரு சின்னத் திகைப்பு. மின்ட்டிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. புதுப் பேட்டரியும் போய்விட்டதா என்று ஒரு நிமிடம் பதறினேன். ஐந்தரை மணி என்ற கணக்கைப் பார்த்ததும் புரிந்தது. மின்ட் மதர்போர்டுக் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. மின்ட்டில் ஒரே ஒரு கட்டளை கொடுத்து உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளச் சொன்னதும் இரண்டும் ஒத்துப்போயின.

இஎஸ்யூவில் சேரும் இணைப்பு விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தேடினால் காணவில்லை. புதிதாகப் போட்ட விண்டோஸில் நிலுவையில் இருந்த அப்டேட்களை எல்லாம் ஏற்றி, மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் வந்தது. மூன்று வழிகளில் சேரலாம்: 30 டாலர் கட்டலாம், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 கொடுக்கலாம், அல்லது கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். எப்படியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். கடைக்காரர்களின் கணக்கு எங்கேயாவது போய்விடுமோ என்று மனைவிக்குக் கவலை. இலவச வழிக்கு அமைப்புகள் போனால் போதும். டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் முதலிய கோப்புறைகளுக்குத் தனித்தனி சுவிட்ச் இருக்கிறது, எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். அவர் ஒருமுறை தானே திறந்து சரிபார்த்தார். பிறகு சேர்ந்தோம். ஒரு கணக்கில் பத்துக் கணினிகள் வரை சேர்க்கலாம் என்பதால் அக்கா வீட்டு லேப்டாப்பையும் அடுத்த வாரமே சேர்த்துக் கொடுத்தேன்.

இப்போது கணினி அரை நிமிடத்துக்குள் வேலைக்குத் தயாராகிறது. மொத்தச் செலவு 3,210 ரூபாய். 20-ஆம் தேதித் தாக்கல் டோக்கனோடு ஒழுங்காக முடிந்தது. நவம்பரில் இஎஸ்யூவின் முதல் திருத்தமும் வந்து ஏறியது. அப்பா இன்னும் மின்ட்டில் அடிப்பதில்லை, திறந்து படிக்க மட்டும் செய்கிறார். அந்த ஒரு வரி கீழே இறங்கும் அட்டவணையை நான் சரிசெய்து கொடுத்தால் அடிப்பாராம். மகள் மின்ட்டை விட்டு வெளியே வருவதே இல்லை.

பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி, மேலே தேதி எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்த மைசூர் வீடியோவுக்காக இன்னும் ஒரு தடவை முயன்று பார்க்க வேண்டும். கணினிப் பெட்டியின் பக்கவாட்டில், குங்குமப் பொட்டுக்குக் கீழே, மகள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: "13-10-2026. அதற்குள் டோக்கன்."